நோட்டைப் பார்க்க முடியாத வகுப்பு

சென்ற மாதம் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திட வந்த ஒரு தந்தை, கையெழுத்திட்ட பிறகும் போகாமல் வாசலருகே நின்றுகொண்டிருந்தார். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர் அவர். மகன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் 100க்கு 31 வாங்கியிருந்தான். மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து, "டீச்சர், ஃபோன்லயே பாடம் சொல்லித் தர்றாங்களாமே, வருசத்துக்கு ஒரு தொகை கட்டணுமாம். தவணையா கட்டிக்கலாம்னு சொல்றாங்க. பையனச் சேத்துடட்டுங்களா?" என்று கேட்டார். அவசரப்பட வேண்டாம், இரண்டு நாளில் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். மாலையில் மலை இறங்கும் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, என் வீடு இருக்கும் சேலம் கோரிமேட்டில் இறங்கும் வரை அந்தக் கேள்வியே மனத்தில் இருந்தது. ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. பிறகு அவருக்கு நான் சொன்ன பதிலின் காரணத்தை எனக்கே தெளிவாக்கிக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன்.

இணையவழிக் கல்வியை நான் மூன்று இடங்களில் நின்று பார்த்திருக்கிறேன். ஆசிரியையாக அதில் கற்பித்திருக்கிறேன். அம்மாவாக, என் மகள் அதில் படித்ததை அருகில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். பிறகு நானே மாணவியாகவும் இருந்திருக்கிறேன். முதல் இரண்டும் என்னை மிகவும் வருத்தின. மூன்றாவது அனுபவத்துக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஒரே கருவி ஏன் இப்படி வெவ்வேறாக நடந்துகொண்டது என்பதுதான் கேள்வி.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது, பத்துப் பதினைந்து நாளில் திறந்துவிடுவார்கள் என்றே ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஜூன் மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்து அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். பள்ளி இனி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், ஒன்பதாம் வகுப்புக்குக் காலை பத்து மணிக்கு இணைய வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். வகுப்பில் 34 பேர். முதல் நாள் திரையில் வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஐந்து பேர் ஏற்காடு ஊருக்குள் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள். மலையின் உட்பகுதிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் நான்கே பேர்.

வராதவர்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தபோதுதான் பத்து மணி என்பதே தவறு என்று புரிந்தது. வீட்டில் இருப்பது ஒரு கைப்பேசி. அது காலை ஏழரைக்கே அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடும். மாலை ஆறுக்கு அவர் வந்த பிறகு அண்ணன், தங்கை என்று மூன்று வகுப்புப் பிள்ளைகள் அந்த ஒரு கைப்பேசிக்குக் காத்திருப்பார்கள். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும், அல்லது மின்னேற்றம் இருக்காது. சில ஊர்களில் வீட்டுக்குள் சிக்னலே கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறைக்கு ஏறினால் இரண்டு கோடு கிடைக்கும் என்று என் மாணவிகள் மூன்று பேர் தினமும் அங்கே ஏறினார்கள். மழை வந்தால் ஒரே குடைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி மூவரும் நின்றார்கள். பனிமூட்டம் இறங்கும் நாள்களில் காட்டெருமை நிற்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால், வகுப்புக்கு வர வேண்டாம் என்று நானே தடுத்தேன். பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை, தன் மாணவியிடம் இன்று வராதே என்று கெஞ்ச வேண்டியிருந்த அந்த நாள்களை நான் மறக்கவே மாட்டேன்.

அந்த மாதங்களில் மலைக்கு உண்மையாகக் கைகொடுத்தது தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்ட் 26ஆம் நாளே அது தொடங்கப்பட்டிருந்ததால், ஊரடங்கு வந்தபோது பாடம் ஒளிபரப்ப ஒரு வழி ஆயத்தமாக இருந்தது. அதற்கு டேட்டா வேண்டாம், கைப்பேசி ரீசார்ஜ் வேண்டாம். கைப்பேசி இல்லாத வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஆனால் ஒளிபரப்பு யாருக்காகவும் நிற்காது. ஒரு வரி புரியாமல் பிள்ளை விழிக்கும்போது, பாடம் அடுத்த வரிக்குப் போய்விட்டிருக்கும்.

சிக்னலும் டேட்டாவும் பேச வேண்டிய குறைகள்தாம். ஆனால் அவை காலப்போக்கில் சரியாகக்கூடியவை; இன்று அந்தப் பாறைக்கு ஏற வேண்டிய தேவை பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லை. சிக்னல் முழுதாக இருந்த வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு குறையைக் கண்டேன். அதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

கணக்குப் பாடத்தில் பாதி வேலை கரும்பலகையில் நடக்கிறது. மீதிப் பாதி, பிள்ளைகள் கணக்குப் போடும்போது ஆசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பதில் நடக்கிறது. ஓர் எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 5ஐக் கழித்தால் 16 வருகிறது, அந்த எண் எது என்று ஒரு கணக்கு கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். விடை 7. ஒரு பையன் 16லிருந்து 5ஐக் கழித்து 11 என்று எழுதி, அதை மூன்றால் வகுக்க முடியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருப்பான். சமன் குறியின் மறுபக்கம் போகும்போது கழித்தல் கூட்டலாக மாறும் என்பதை அவன் மனப்பாடமாகச் சொல்வான். ஆனால் ஏன் மாறுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் 5ஐக் கூட்டுகிறோம், தராசின் இரண்டு தட்டிலும் ஒரே படிக்கல்லை வைப்பதைப் போல என்று அவன் நோட்டிலேயே ஒரு தராசு வரைந்து காட்டினால் அரை நிமிடத்தில் முகம் மாறிவிடும். இந்த அரை நிமிடத்துக்காகத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தப் பிழை பையனின் வாயிலிருந்து வராது, ஏனென்றால் தான் பிழை செய்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. அது நோட்டில் மட்டும்தான் தெரியும். அதுவும் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் தெரியும்.

திரையில் எனக்குத் தெரிந்தவை பெயர் எழுதிய சின்னச் சின்னக் கட்டங்கள். கேமராவைப் போட்டால் டேட்டா போய்விடும் என்று எல்லோரும் அணைத்திருப்பார்கள். இரைச்சல் வருகிறது என்று எல்லோரையும் நானே மியூட்டில் வைத்திருப்பேன். "புரிந்ததா?" என்று கேட்டால் இரண்டு பேர் கட்டைவிரல் படம் போடுவார்கள். மற்றவர்களின் மௌனத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. வகுப்பறையின் மௌனத்தை என்னால் படிக்க முடியும்; குழம்பிய மௌனம் வேறு, களைத்த மௌனம் வேறு, காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையின் மௌனம் வேறு. திரையில் எல்லாம் ஒன்றாகவே இருந்தன.

வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வந்த படங்கள் பெரும்பாலும் சரியாக இருந்தன; எல்லாம் ஒரே மாதிரியும் இருந்தன. ஒருவர் போட்டதை மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். அதற்காக நான் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். முடித்த நோட்டைத்தான் நான் கேட்டேன். அவர்கள் முடித்த நோட்டைக் கொடுத்தார்கள். தடுமாறிய நோட்டைப் பார்க்க எனக்கு வழியில்லாமல் போனது. 2021 பிப்ரவரி 8 அன்று ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. மார்ச்சில் மீண்டும் மூடி, செப்டம்பர் முதல் நாள் மறுபடியும் திறந்தார்கள். அப்போது வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளில் பலருக்கு, மூன்று இலக்க எண்ணை இரண்டு இலக்க எண்ணால் வகுக்கும் கை போயிருந்தது. எல்லோரும் தேர்ச்சி பெற்று வந்தவர்கள்தாம். விடையை எழுதத் தெரிந்திருந்தது. விடைக்குப் போகும் வழியில் நடக்கத் தெரியவில்லை.

சிறுவர் வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. அதற்குச் சில நாள்கள் முன்பு, அக்டோபர் இறுதியில், அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் வசிக்கும் பகுதியிலேயே மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர் ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும். அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கோரிமேட்டில் எங்கள் தெருவிலேயே, பட்டப்படிப்பு முடித்து வீட்டில் இருந்த ஒரு பெண் திண்ணையில் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொடங்கினார். நான் கவனித்த ஒன்று: அவர் பாடமே நடத்தவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை ஆண்டில் நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது எது என்று எனக்கு அந்தத் திண்ணையில் தெரிந்தது.

நோட்டில்கூடத் தெரியாத ஓர் இழப்பும் உண்டு. அந்த 34 பேரில் மூன்று பேர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. ஒருவன் சேலத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தான். ஒருத்தி நூற்பாலை விடுதிக்கு. இன்னொருத்திக்குத் திருமணமே ஆகிவிட்டிருந்தது. பள்ளி நடக்கும் காலமாக இருந்தால், தொடர்ந்து இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டு வாசலில் மூன்றாம் நாள் யாராவது ஒரு ஆசிரியர் நின்றிருப்பார். சத்துணவுக்கு வராத பிள்ளையை அந்த ஆயாவே விசாரித்திருப்பார். திரையில் ஒரு பெயர் இல்லாமல் போனால், சிக்னல் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டோம். அந்த மூன்று பெயர்களையும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

என் மகளின் கதை வேறு. அவள் அப்போது நான்காம் வகுப்பு, சேலத்தில் ஒரு தனியார் பள்ளி. எங்கள் வீட்டில் கம்பி இணைப்பு இருந்தது, தனியாக ஒரு மடிக்கணினி இருந்தது. ஒரு குறையும் இல்லை. 2020 ஜூலையில் மத்தியக் கல்வித் துறை இணைய வகுப்புகளுக்கென்று வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகள் போதும் என்றும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லியது. அந்தப் பள்ளியோ காலை எட்டரை முதல் ஒரு மணி வரை பழைய கால அட்டவணையை அப்படியே திரையில் ஏற்றிவிட்டது. சீருடையும் கழுத்துப்பட்டையும் அணிந்து, அசையாமல் உட்கார வேண்டும். மூன்றாவது வாரத்தில் தலைவலி என்றாள். இரண்டாவது மாதத்தில், தன் பெயர் மட்டும் திரையில் தெரியும்படி வைத்துவிட்டு எழுந்துபோகப் பழகிக்கொண்டாள். ஒன்பது வயதில் அவள் அந்தத் திறமையைக் கற்றதற்கு அவளை நான் கண்டிக்கவில்லை. நாலரை மணி நேரம் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்ன நாங்கள் பெரியவர்கள்தாம் தவறு செய்தோம்.

இத்தனையும் சொன்ன பிறகு, மூன்றாவது அனுபவத்தைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவள் ஆவேன். என் தாய்மாமா சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டே அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்தவர். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியிராவிட்டால், அவரைப் போன்றவர்களுக்குப் பட்டம் என்பது பேச்சளவில்கூட இருந்திருக்காது. பழுப்பு உறையில் வரும் பாடக்கட்டுகளைத் தறிக்குழிக்கு மேலே விட்டத்தில் செருகி வைத்திருப்பார். பாவு (தறியின் நீளவாக்கு நூல்) தீர்ந்து அடுத்த பாவு பிணைக்கும் இடைவெளியில் எடுத்துப் படிப்பார். பள்ளிக்கூடத்தின் நேரம் அவருக்கு ஒத்துவரவில்லை. அவருடைய நேரத்துக்கு வந்த பாடம் ஒத்துவந்தது. இணையவழிக் கல்வியின் உண்மையான நன்மை எது என்று யாராவது கேட்டால், நான் அந்த விட்டத்தைத்தான் காட்டுவேன்.

2022இல், நாற்பத்தொரு வயதில், நிகழ்தகவும் புள்ளியியலும் மறுபடி படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்திக்கொண்டே, அதில் என் சொந்த அடித்தளம் வலுவாக இல்லை என்பதை உணர்ந்திருந்தேன். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய, கல்லூரிப் பாடங்களை இணையத்தில் தரும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில், பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். பாடம் கேட்க ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்கு அப்போது 1,000 ரூபாய். வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75. அந்த இறுதித் தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. தேர்வு மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றிய விதி அது. படிப்பது உன் வசதிப்படி, தேறுவது எல்லோர் முன்னிலையிலும் என்று அது சொல்கிறது.

இரவு ஒன்பதரைக்கு மேல், பாத்திரம் கழுவி மகள் தூங்கிய பிறகு, சமையலறை மேடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக் கேட்பேன். நிபந்தனை நிகழ்தகவு பற்றிய ஒரு பன்னிரண்டு நிமிடப் பகுதியை ஏழு முறை கேட்டேன். ஏழாவது முறையும் அந்தப் பேராசிரியர் முதல் முறை சொன்ன அதே பொறுமையோடு சொன்னார். கல்லூரிக் காலத்தில் நான் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்ததை நினைத்துக்கொண்டேன். நாற்பது பேர் நடுவே கை தூக்க வெட்கப்படும் பெண்ணுக்கு, நிறுத்தி வைக்கவும் திருப்பிக் கேட்கவும் முடிகிற பாடம் எவ்வளவு பெரிய விடுதலை என்பது, அந்தக் கூச்சத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் முதல் முறை ஐந்தாம் வாரத்தில் விட்டுவிட்டேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஒரு வாரம் காய்ச்சல், அடுத்த வாரம் காலாண்டு விடைத்தாள். பிறகு பாக்கி சேர்ந்து, திறக்கவே பயமாக இருந்தது. இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்த பாடங்களில் சேர்பவர்களில் மிகச் சிலரே கடைசி வரை போகிறார்கள் என்பது உலகம் முழுவதும் கண்ட உண்மை. ஐந்தாம் வாரத்தில் அவர்களுள் நானும் ஒருத்தியாக நின்றேன். அடுத்த ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியையும் என்னோடு சேர்ந்தார். காலைப் பேருந்தில் அடிவாரம் தாண்டியதும் இருவரும் அந்த வாரப் பயிற்சியை எடுப்போம். பதினெட்டாவது வளைவில் அவர் என் பிழையைக் காட்டுவார், இருபதாவதில் நான் அவருடையதை. அந்த முறை இருவரும் தேறினோம். பாடத்தைத் தந்தது திரை. படிப்பை முடிக்க வைத்தது பக்கத்து இருக்கை.

எங்கள் தெருவில் இன்னொருவர் இருக்கிறார். கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலையை வீட்டிலேயே செய்துகொண்டிருந்த அக்கா. புகையால் மூச்சிரைப்பு வந்து அந்த வேலையை விட வேண்டியதானது. யூடியூப்பைப் பார்த்தே, கொக்கி ஊசியால் துணியில் பூத்தையல் போடும் ஆரி வேலையைக் கற்றுக்கொண்டார். ஊசி துணிக்குள் இறங்கி நூலைக் கொக்கியில் மாட்டி மேலே வரும் அசைவைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். பதினைந்து பேர் சுற்றி நிற்கும் பயிற்சி வகுப்பில் அவ்வளவு நெருக்கத்தில் பார்க்கவே முடியாது. கைத்தொழில் கற்பதில் திரை வகுப்பறையை வென்றுவிடும் இடங்கள் உண்டு என்பதை நான் அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். ஆனாலும் அவர் போட்ட சங்கிலித் தையல் ஒரு மாதம் சுருங்கிக்கொண்டே இருந்தது. எத்தனை காணொளி பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. சேலம் குகைப் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள், அவர் தைப்பதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நூல இழுத்துப் புடிக்கறியே கண்ணு, விட்டுக்குடு" என்றார். அதோடு சரியாகிவிட்டது. காணொளி நமக்கு எல்லாவற்றையும் காட்டும். நம்மைப் பார்க்க அதனால் முடியாது.

ஆகவே நேரலை வகுப்பையும் பதிவு செய்த பாடத்தையும் ஒரே பெயரில் அழைப்பதையே நான் தவறு என்று நினைக்கிறேன். பதிவு செய்த பாடம் மாணவரின் நேரத்துக்கு வருகிறது, நிற்கச் சொன்னால் நிற்கிறது, இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலும் ஓடுகிறது. நேரலை வகுப்பு, பள்ளியின் மணியடிப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து, பள்ளியில் இருக்கும் நடமாட்டத்தையும் நட்பையும் நோட்டுத் திருத்தத்தையும் வெளியே விட்டுவிடுகிறது. ஊரடங்கில் நாங்கள் திரையின் நல்ல குணத்தை விட்டு, அதனால் முடியாத ஒன்றைச் செய்ய வைக்க முயன்றோம். பத்து மணி வகுப்பை விட்டுவிட்டு, பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து அனுப்பி, மீதி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையோடும் வாரம் பத்து நிமிடம் தனியாகப் பேசியிருந்தால் எவ்வளவோ காப்பாற்றியிருக்கலாம். இதை நான் 2020 டிசம்பரில்தான் கண்டுபிடித்தேன். ஆறு மாதம் வீணானது.

இன்று என் வகுப்பறையில் திரை இல்லாமல் நான் பாடம் நடத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடு (கியூ.ஆர். கோடு) இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் இணையச் செயல்பாடு என்று ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளில் செய்யும் பயிற்சிகளும் கொடுத்திருக்கிறார்கள். இருபடிச் சார்பின் வரைபடத்தை நான் கரும்பலகையில் வரைந்தால் மூன்று அல்லது நான்கு பரவளையங்கள்தாம் வரைய முடியும். ஜியோஜீப்ராவில் ஒரு குமிழை நகர்த்தினால் வளைவு மெல்ல ஒடுங்கி, விரிந்து, தட்டையாகி, நேர்கோடாகி, பிறகு தலைகீழாகக் கவிழ்கிறது. x²இன் கெழு பூச்சியமாகும்போது ஏன் அது பரவளையமாக இல்லை என்பதை நான் விளக்குவதற்கு முன்பே பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அப்போது அறையில் நானும் இருக்கிறேன்; யார் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று பார்க்கிறேன்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் இணையவழிக் கல்வி புதிதல்ல. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று அறியப்படும் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் மேல்நிலைக் கணக்கும் அறிவியலும் தமிழில் நிதானமாகச் சொல்லும் காணொளிகள், ஆங்கிலத்தில் இருப்பவற்றோடு ஒப்பிட்டால் இன்றும் குறைவு. இருப்பவற்றிலும் பல, பாதி ஆங்கிலச் சொற்களோடு வேகமாக ஓடுகின்றன. என் மாணவர்களில் பலர் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள்; கேரளத்து மலையாளிகள் அல்லர், இந்த மலையில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர். பாடநூல் தமிழே அவர்களுக்கு வீட்டுப் பேச்சிலிருந்து சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. அவர்களுக்கு அந்தக் காணொளிகள் இரண்டு படி தள்ளி இருக்கின்றன.

மூன்றாம் நாள் அந்தத் தந்தையை அழைத்தேன். அந்தத் தவணையில் சேர வேண்டாம் என்றேன். அந்த நிறுவனம் தரும் பாடம் மோசமானது என்பதற்காக அல்ல. நான் அவர் கைப்பேசியில் வாங்கிப் பார்த்தவரை பாடங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் ஆண்டு முழுதுக்குமான பணத்தைக் கடனாக எழுதி வாங்குகிறார்கள். பையன் இரண்டாம் மாதம் நிறுத்தினாலும் கட்டியே ஆக வேண்டும். அவன் நோட்டைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. பணம் கட்டிச் சேர்ப்பதென்றால் மூன்று கேள்வி கேளுங்கள் என்றேன்: என் பிள்ளை போடும் கணக்கை யார் பார்ப்பார், அவரிடம் எத்தனை பிள்ளைகள், நான் மாதா மாதம் கட்டி, வேண்டாமென்றால் நிறுத்த முடியுமா. அவர் அந்த விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்குச் சரியான பதில் வரவில்லையாம்.

அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு செய்தோம். வெள்ளிக்கிழமை மாலை பள்ளியின் இணைப்பிலிருந்து, அவனுக்குத் தேவையான நான்கைந்து பாடங்களை அவர் கைப்பேசியின் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கிறேன். அவற்றை நானே முதலில் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன். ஏழாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன், ஏனென்றால் அவன் ஏழாம் வகுப்பில் படிக்க வேண்டியதைப் படிக்கும் வாய்ப்பு அவனுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. சனி, ஞாயிறு பார்த்துவிட்டு, கூடவே கணக்குகளைத் தனி நோட்டில் போட வேண்டும். அடித்தாலும் திருத்தினாலும் அழிப்பான் மட்டும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். திங்கள்கிழமை காலை முதல் மணிக்கு முன் அந்த நோட்டு என் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

இந்தத் திங்கள் வந்த நோட்டில் பதினோரு கணக்குகள். ஏழு சரி. எட்டாவதில் பாதியில் நிறுத்தி, பக்கத்தில் சிறிய எழுத்தில், "இந்த எடத்த நாலு தடவ ஓட்டிப் பாத்தேன் டீச்சர், மைனஸ் ஏன் பிளஸ் ஆவுதுன்னு தெரியல" என்று எழுதியிருந்தான். வகுப்புத் தொடங்க எட்டு நிமிடம் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நோட்டின் ஓரத்தில் ஒரு தராசு வரைந்தேன்.